நாளைக்கும் காக்கும் பூட்டு



அரசுப் பொதுத் தேர்வு நெருங்கும் நாட்களில் வினாத்தாள் கட்டுகளைக் காக்கும் பொறுப்பு எனக்குச் சில ஆண்டுகள் வாய்த்தது. கட்டுகள் இருந்த அறைக்கு இரண்டு பூட்டுகள். ஒன்றன் சாவி என்னிடம் இருக்கும்; மற்றொன்றன் சாவி துறை அலுவலரிடம் இருக்கும். இருவரும் சேர்ந்து வந்தாலன்றி அறை திறவாது. என் சாவியை எவனேனும் கவர்ந்து சென்றாலும் இரண்டாவது பூட்டு நிற்கும். இத்தனை காவலும் தேர்வு நாள் காலை வரையில்தான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருவதுண்டு. மணி அடித்துத் தாள் மாணவர் கைக்குப் போனதும் அந்த இரகசியம் செத்துவிடுகிறது. மாலையில் அதே தாளில் கடைக்காரர் சுண்டல் மடித்துக் கொடுக்கிறார்.

அந்நாட்களில் என் மேசையின் இழுப்பறையில் வேறோர் உறையும் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வீட்டில் நடந்த துன்பம் ஒன்றை எழுதி, ஒட்டி, "பத்திரமாக வைத்திருங்கள் ஐயா, யாருக்கும் காட்ட வேண்டாம்" என்று கொடுத்துப் போனாள். அந்த இரகசியத்துக்குத் தேர்வு மணி கிடையாது. அவள் மணமாகிப் பிள்ளை குட்டிகளோடு வாழும் காலத்திலும் அது வெளிவரலாகாது. வினாத்தாளுக்குச் சில வாரம் தாங்கும் பூட்டுப் போதும். அந்த உறைக்கு ஐம்பது ஆண்டு தாங்கும் பூட்டு வேண்டும்.

இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருளும் பூட்டுத்தான். ஆனால் அஃது எண்களால் ஆன பூட்டு. நீங்கள் கைப்பேசியிலும் கணினியிலும் எழுதும் செய்திகள் இணையத்தின் வழியே போகும்போது பிறர் படியாதபடி அவற்றைக் குழப்பி அனுப்பும் கலைக்குக் குறியாக்கம் என்று பெயர். அதன் பழைய பூட்டுகள் வருங்காலத்தில் உடையக்கூடும் என்று தெரிந்துவிட்டது. புதிய பூட்டுகளும் செய்யப்பட்டுவிட்டன. ஆனால், தலைவர் என்று ஒருவரும் இல்லாத ஒரு கூட்டத்தில் எல்லாருடைய பூட்டையும் மாற்றுவது எப்படி? அதுதான் கேள்வி.

முதலில் பழைய பூட்டைக் காண்போம். 89ஐயும் 97ஐயும் பெருக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் 8633 என்று சொல்லிவிடுவீர்கள். 8633 என்னும் எண்ணை மட்டும் கொடுத்து, "இஃது எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கம்?" என்று கேட்டால் பென்சிலைக் கடிக்கத் தொடங்குவீர்கள். போகும் வழி எளிது. திரும்பும் வழி கடினம். இப்படிப்பட்ட ஒருவழிப் பாதை இருந்தால், முன்பின் அறியாத இருவர் ஊரறியப் பேசியே தமக்குள் ஓர் இரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று 1976ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் காட்டினர். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் பகா எண்களைக் கொண்டு ஒரு பூட்டைச் செய்தனர். 129 இலக்கமுள்ள ஓர் எண்ணை, மார்ட்டின் கார்டனர் தம் இதழ்ப் பகுதியில் 1977 ஆகஸ்டில் வெளியிட்டு, காரணிகளைக் காண்பவர்க்கு 100 டாலர் பரிசு என்றார். அதை உடைக்கப் பல கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்று அப்போது கணித்திருந்தனர். 1994இல், உலகின் பல பாகங்களிலிருந்த சுமார் அறுநூறு பேர் தம் கணினிகளை இணையத்தால் இணைத்து, ஏறத்தாழ எட்டு மாதங்களில் அதை உடைத்துவிட்டனர்! கோடி கோடி ஆண்டுகள் பதினேழு ஆண்டுகளாகச் சுருங்கின. பூட்டின் ஆயுளைக் கணித்துச் சொல்பவர்களை நான் சற்று ஐயத்தோடு கேட்பதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

ஆயினும், எண்ணைப் பெரிதாக்கினால் பூட்டு மீண்டும் வலிமை பெற்றது. அதனால் அந்தத் தோல்வி பெரிதாகத் தோன்றவில்லை. அதே 1994ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேறொன்றுதான் பெரிது. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பீட்டர் ஷோர் என்னும் கணித அறிஞர், குவாண்டம் கணினி என்ற ஒன்று தக்க அளவில் அமைந்தால், எண் எவ்வளவு பெரிதானாலும் அதன் காரணிகளை விரைவில் கண்டுவிடலாம் என்று நிறுவினார்.

குவாண்டம் கணினி எந்தக் கணக்கையும் நொடியில் போட்டுவிடும் மாயப்பெட்டி என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. ஒரு கணக்கினுள்ளே சீரான திரும்புதல் ஒன்று மறைந்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பதில் அது கைதேர்ந்தது, அவ்வளவுதான். நான் கணித ஆசிரியன். ஆகையால் கரும்பலகை இல்லாமலேயே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றையும் 15ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். 2, 4, 8, 1. மறுபடியும் 2, 4, 8, 1. நான்கு அடிக்கு ஒருமுறை பல்லவி திரும்புகிறது. நான்கில் பாதி இரண்டு. இரண்டின் இரண்டாம் அடுக்கு நான்கு. நான்குக்கு ஒன்று குறைந்தால் மூன்று. ஒன்று கூடினால் ஐந்து. மூன்றும் ஐந்தும் பதினைந்தின் காரணிகள் அல்லவா? எண் பெரிதானால் பல்லவி திரும்பும் இடம் கண்ணுக்கெட்டாத் தொலைவில் இருக்கும். நம் கணினிகள் அங்கே களைத்து விழும். குவாண்டம் கணினி அந்தத் திரும்புதலைப் பிடித்துவிடும். இன்று இணையத்தில் மிகுதியாக வழங்கும் வளைகோட்டுப் பூட்டுகளும், கணக்கு வேறாயினும், இதே வழியில் உடையத்தக்கவையே.

அத்தகைய கணினி இன்று இருக்கிறதா? இல்லை. இருப்பவை சிறியவை; பிழை மிகுந்தவை. ஆனால் கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர் கிரெய்க் கிட்னி 2019இல் மற்றோர் அறிஞரோடு சேர்ந்து வெளியிட்ட கணிப்பு, வழக்கத்திலுள்ள 2048 பிட் பூட்டை உடைக்க 2 கோடி குவாண்டம் பிட்டுகள் வேண்டும் என்றது. 2025இல் அவரே வெளியிட்ட கணிப்போ, 10 இலட்சத்துக்குக் குறைவாகவே போதும் என்கிறது. பொறி வளர்ந்ததைவிட, பொறிக்கு வேண்டிய அளவு வேகமாகக் குறைந்திருக்கிறது.

"பொறி வரட்டும், வந்தபின் பூட்டை மாற்றுவோம்" என்று நீங்கள் சொல்லலாம். வினாத்தாளுக்கு அது பொருந்தும். அந்த மாணவியின் உறைக்குப் பொருந்தாது. கம்பியில் போகும் செய்திகளை இன்றே படியெடுத்து வைத்துக்கொள்வது எளிது. உழவர் கதிரறுத்துக் களத்திலே போரிட்டு வைத்துக் கதிரடிக்கும் பொறியின் வரவுக்குக் காத்திருப்பதுபோல, இன்று படிக்க முடியாத செய்திகளைக் குவித்து வைத்துப் பத்தோ இருபதோ ஆண்டு காத்திருக்க வல்லவர்கள் உலகில் உண்டு. நீங்கள் பதினெட்டு வயதில் எழுதும் கடிதம் உங்கள் நாற்பதாம் வயதில் திறக்கப்படலாம். அன்று பூட்டை மாற்றி என்ன பயன்?

புதிய பூட்டுகளுக்கு அடிப்படை, திரும்புதல் மறைந்திராத கணக்குகள். அவற்றுள் ஒன்றை விளக்க நம் வீட்டு வாசலே போதும். புள்ளிக் கோலம் போடும்போது ஒழுங்காகப் புள்ளிகள் வைக்கிறோம். அரிசிமாவு ஒரு துளி தவறிப் புள்ளிகளுக்கு இடையே விழுந்தால் எந்தப் புள்ளி அதற்கு அண்மையானது என்று குழந்தையும் சொல்லும். ஏனெனில் வாசல் இரண்டே பரிமாணமுடையது. பல நூறு பரிமாணங்களில் விரிந்த ஒரு கோலத்தைக் கணக்கிலே கற்பனை செய்து, சிந்திய துளிக்கு அண்மையான புள்ளியைக் கேட்டால், நம் கணினியும் திகைக்கிறது. குவாண்டம் கணினியும் திகைப்பதாகவே இதுவரை கண்டிருக்கின்றனர். கோலத்தை வைத்தவருக்கு மட்டும் ஒரு குறுக்குவழி தெரியும். அதுவே சாவி.

அமெரிக்க நாட்டின் தேசியத் தரநிலை நிறுவனம் 2016இல் உலக அறிஞர்களையெல்லாம் அழைத்து ஒரு போட்டி நடத்தியது. எண்பத்திரண்டு பூட்டுகள் வந்தன. அறுபத்தொன்பது ஆய்வுக்கு ஏற்கப்பட்டன. ஒருவர் பூட்டை மற்றவர் உடைத்துப் பார்ப்பதுதான் போட்டியின் முறை. எட்டாண்டுகள் கழிந்து, 2024 ஆகஸ்டு 13ஆம் நாள், மூன்று தரநிலைகள் வெளியாயின. சாவிப் பரிமாற்றத்துக்குரியது கைபர் என்னும் பெயரில் வளர்ந்து, எம்.எல்.கெம் என்று பெயர் மாற்றப்பட்டது. (வரலாறு படிப்பவர்கள் கணவாயை நினைக்க வேண்டாம்.)

போட்டியில் கடைசிக் கட்டம் வரை நம்பிக்கை தந்த மற்றொரு பூட்டுக்குச் சைக் என்று பெயர். 2022 கோடையில் பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தார் இருவர் அதை உடைத்தனர். குவாண்டம் கணினியாலா? இல்லை. சாதாரணக் கணினி ஒன்றில், ஒரு மணி நேர அளவில்! ஆகவே புதியது என்பதற்காகவே எதையும் நம்பிவிட முடியாது. பழைய பூட்டு நாளைய பொறிக்கு ஆற்றாது. புதிய பூட்டு இன்னும் போதிய மழையும் வெயிலும் காணவில்லை. என்ன செய்வது? வினாத்தாள் அறையின் வழியேதான். இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது. பழைய முறையில் ஓர் இரகசியம், புதிய முறையில் ஓர் இரகசியம். இரண்டையும் கலந்து ஒரு சாவி. ஒன்று தோற்றாலும் மற்றது நிற்கும். இன்று பெரும்பாலோர் கைக்கொள்வது இந்த இரட்டைப் பூட்டு முறையே.

ஒரே நிறுவனம் நடத்தும் செய்தி மென்பொருளில் இதைச் செய்வது ஒப்பளவில் எளிது. சிக்னல் என்னும் மென்பொருளை நடத்துவோர் 2023 செப்டம்பரில் இரட்டைப் பூட்டை அறிவித்தனர். மென்பொருளின் புதிய பதிப்பு அவர்கள் கையிலிருந்து எல்லாருக்கும் போயிற்று. தலைமை ஆசிரியர் சுற்றறிக்கை விட்டால் எல்லா வகுப்பிலும் படிக்கப்படுவது போன்றது அது. சுற்றறிக்கை விட ஆளே இல்லாத பள்ளி ஒன்றை எண்ணிப் பாருங்கள்! அத்தகையதுதான் பியர் டு பியர் என்னும் அமைப்பு. நடுவிலே நிலையம் கிடையாது. சேர்ந்தவர் ஒவ்வொருவரின் கணினியும் பிறர் செய்தியை வாங்கிக் கைமாற்றிக் கொடுக்கும் அஞ்சல்காரனாகிறது.

இந்த வகையில் ஐ2பி என்னும் மென்பொருள் 2003 முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வருகிறது. எழுதியதை மட்டுமன்றி, எழுதியவர் யார், பெற்றவர் யார் என்பதையும் மறைப்பது அதன் நோக்கம். செய்தி வழக்கமாக மூன்று கணினிகள் வழியே ஒரு சுரங்கப் பாதையில் போகும். ஒவ்வொருவருக்கும் தமக்கு முன்னும் பின்னும் உள்ளவர் மட்டுமே தெரியும். பல செய்திகளை ஒரே உறைக்குள் வைப்பதால் பூண்டுப் பற்களை உவமையாக்கி அதற்குப் பூண்டு வழிமுறை என்றே பெயரிட்டிருக்கின்றனர். இத்தகைய மறைவு யாருக்கு வேண்டும் என்று கேட்போர் உண்டு. திருடனும் பூட்டு வாங்குவான்தான். அதற்காகப் பூட்டுக்கடையை மூடுவதில்லை. செய்தியாளருக்குத் தகவல் தருபவருக்கும், கொடியவர்க்கு அஞ்சி ஒதுங்கி வாழ்பவருக்கும், யாரோடு பேசினோம் என்பதே உயிர்நிலையாகலாம்.

என் பழைய மாணவன் ஒருவன் மென்பொருள் துறையில் இருக்கிறான். சென்ற விடுமுறைக்கு வந்தபோது திண்ணையில் அமர்ந்து இதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். "புதுப் பூட்டுத்தான் வந்துவிட்டதே, மாட்டிவிட வேண்டியதுதானே, அப்பா?" என்றேன். "ஐயா, பூட்டு கதவைவிடப் பெரிதாயிருக்கிறதே!" என்றான்.

அவன் சொன்னது மெய். பழைய முறையில் ஒரு பொதுச்சாவியின் அளவு 32 பைட். எம்.எல்.கெம் முறையின் நடுத்தர வகையில் அது 1184 பைட். ஏறக்குறைய முப்பத்தேழு மடங்கு. ஐ2பியின் சுரங்கப் பாதையில் செல்லும் பொட்டலங்கள் அனைத்தும் ஒரே அளவானவை: 1028 பைட். சிறு செய்தியா, பெருஞ்செய்தியா என்று இடையிலிருப்பவன் அறியாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஒரு புதுச்சாவி, தனியாகவே, ஒரு பொட்டலத்துள் அடங்காது. துண்டாக்கி அனுப்ப வேண்டும். சுரங்கப் பாதை அமைக்கும்போது ஒவ்வொரு கணினிக்கும் அனுப்பும் படிவத்தின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. முன்பு அந்தப் படிவம் 528 பைட்டாக இருந்தது. அதை இழைத்து இழைத்து 218 பைட்டாகச் சுருக்கிப் பாதையின் பளுவைக் குறைத்திருந்தனர். தையற்காரர் அளவெடுத்து இறுக்கித் தைத்த சட்டையைப் பிள்ளை ஓராண்டில் மீறி வளர்ந்துவிட்ட கதை! 218 பைட் படிவத்துள் 1184 பைட் சாவியை வைக்க எந்தக் கணக்காலும் ஆகாது.

ஆகையால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், எது முந்த வேண்டும் என்று தேர்ந்திருக்கின்றனர். எழுதுபவருக்கும் பெறுபவருக்கும் இடையே கடிதத்தின் உட்பொருளைக் காக்கும் பூட்டே முதலில் இரட்டையாக்கப்பட்டது. 2025இல் அது சோதனை அளவில் வெளிவந்தது. அந்தத் தேர்வு எனக்குச் சரியாகவே படுகிறது. போரிட்டு வைக்கப்படும் கதிர் அந்த உட்பொருளில்தான் இருக்கிறது.

அளவைவிடக் கடினமான சிக்கல் ஒன்றும் உண்டு. நான் அதைக் கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு திருவிழாக் கூட்டத்தில் மறைந்து செல்ல விரும்புகிறவன் மற்றவர்களைப் போலவே உடுத்தியிருக்க வேண்டும். ஆயிரம் பேர் வெள்ளை வேட்டியோடு போகையில் இரும்புக் கவசம் அணிந்து ஒருவன் போனால், அவன் உடல் காக்கப்படும். ஆனால் எல்லாக் கண்ணும் அவன் மேலேயே இருக்கும். புதுப் பூட்டை முதலில் மாட்டும் சிலரது செய்திகள் பருத்திருக்கும், அளவைக் கொண்டே, "இவர்கள் மிக எச்சரிக்கையானவர்கள், இவர்களைக் கவனிக்க வேண்டும்" என்று பிறர் கண்டுகொள்ள இடமுண்டு. மறைவைத் தருவது பூட்டு மட்டுமன்று, கூட்டமும்தான். மேலும், உங்கள் கணினியில் புதுப் பூட்டு இருந்தாலும், எதிர்ப்பக்கத்தார் பழைய பதிப்பையே வைத்திருந்தால் கடிதம் பழைய பூட்டோடுதான் போகும். உங்கள் இரகசியம் உங்கள் நண்பரின் சோம்பலில் தங்கியிருக்கிறது.

சுற்றறிக்கை விட முடியாத இடத்தில் இதற்கு ஒரே வழி, காலத்தை முன்கூட்டியே செலவிடுவது. முதலில் எல்லாக் கணினிகளும் புதுப் பூட்டைப் புரிந்துகொள்ளும் பதிப்பைப் பரப்புவது, விரும்பியோர் சோதிப்பது, பரவியபின் ஒரு பதிப்பில், கேட்காமலே எல்லாருக்கும் அதை இயல்பாக்கிவிடுவது, நெடுநாள் கழித்துப் பழையதை நிறுத்துவது. ஒவ்வொரு படிக்கும் மாதங்களும் சில நேரம் ஆண்டுகளும் ஆகும். குவாண்டம் கணினி இருபது ஆண்டு தொலைவில் இருந்தாலும், இந்தத் தன்னார்வலர் இன்றே தொடங்கியது அவசரம் ஆகாது.

எஞ்சியிருப்பது கையொப்பம். "இதை அனுப்பியவன் நானே" என்று காட்டும் எண் கையொப்பமும் ஷோரின் முறைக்கு உடைவதே. ஆனால் அதில் ஒரு வேறுபாடு காண்க. இன்று பூட்டிய கடிதத்தை நாளை திறந்து படிக்கலாம். இன்று சரிபார்த்து ஏற்றுக்கொண்ட கையொப்பத்தை நாளை போலி செய்து நேற்றைக்குப் போய் ஏமாற்ற முடியாது. எனவே அது சற்றுக் காத்திருக்கலாம். காத்திருக்க வேண்டியும் இருக்கிறது. பழைய கையொப்பம் 64 பைட். புதிய தரநிலையின் நடுத்தர வகையில் 3309 பைட். அன்றியும் ஐ2பியில் ஒருவரது முகவரியே அவரது கையொப்பச் சாவியிலிருந்து பிறக்கிறது. கையொப்ப முறையை மாற்றினால் முகவரியும் மாறும். நெடுநாள் பழகிய ஊரில் பெயரை மாற்றிக்கொண்டு, "நான்தான் அவன்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வருவது போன்ற வேலை அது.

இந்த மென்பொருளின் மூலநிரல் யாவரும் படிக்கத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. கணினியியல் பயிலும் கல்லூரி மாணவர்கள் அதை எடுத்துப் பார்க்கலாம். பள்ளி மாணவர்கள் இன்றிரவு 15க்குப் பதில் 21ஐ வைத்து, இரட்டித்து வகுத்து, மீதி எத்தனை அடிக்கு ஒருமுறை திரும்புகிறது என்று எழுதிப் பாருங்கள். பாதியடியில் நின்று ஒன்றைக் குறைத்தும் கூட்டியும் வரும் எண்களில் ஒன்று 21ஐ நேராக வகுக்கும், மற்றது வகுக்காது. ஆயினும் அவை ஒவ்வொன்றுக்கும் 21க்கும் உள்ள பொதுக் காரணியைக் கண்டால் விடை கிடைக்கும்.